முதலில் வாசற்படியைச் சரிசெய்யுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மும்பை வாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

மாற்றுத்திறனாளி ஊழியர்களைப் பணியிடத்தில் பெரிதும் ஒதுக்கிவைப்பது சக மனிதர்களின் மனப்பான்மையா, வசதிகளை மறுக்கும் அலுவலக ஏற்பாடா என்ற கேள்விக்கு, வசதி மறுப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரி, மனம் விரிந்தால் கதவு தானே விரியும் என்றார். அவருடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் அவர் கருத்தை ஏற்க என்னால் இயலவில்லை.

நான் பார்வை மாற்றுத்திறனாளி. நாள்தோறும் காலையில் சயான் நிலையத்தில் மின்ரயில் ஏறுகிறேன். அந்த நேரத்து நெரிசலை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி வந்து நிற்கும் இடத்தில், நடைமேடையில் ஒரு சிறு கருவி 'பீப், பீப்' என்று விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். ஒலி வரும் திசையில் கோலை ஊன்றி நடந்தால் என் பெட்டி நிற்கும் இடத்துக்குப் போய்விடுவேன். சுற்றி நிற்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் அந்தக் கருவி என்னை ரயிலேற்றிவிடுகிறது.

அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகுதான் என் சிக்கல் தொடங்கியது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம் கோப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. கணினித் திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் துணையோடு மற்றவர்களுக்கு இணையாக அதைச் செய்துவந்தேன். ஒருநாள் விடுப்பு, சம்பளச் சீட்டு, கோப்பு ஒப்புதல் எல்லாவற்றுக்கும் புதிய மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் எந்தப் பொத்தானுக்கும் பெயர் எழுதப்படவில்லை. படம் மட்டும் இருந்தது. என் காதில் விழுந்ததெல்லாம் "பட்டன், பட்டன், பட்டன்" என்பதுதான். எது ஒப்புதல், எது நிராகரிப்பு என்று நான் எப்படி அறிவது?

என்னைச் சுற்றியிருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். பக்கத்து மேசை நண்பர் தாமே முன்வந்து என் கோப்புகளையும் பதிவேற்றினார். அதற்காக என் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்தேன். என் சம்பளமும், நான் எதற்காக விடுப்பு எடுக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரிந்துபோயின. ஆண்டிறுதி மதிப்பீட்டில், "பிறர் உதவியின்றிப் பணியை முடிப்பதில்லை" என்று எழுதப்பட்டு என் ஊதிய உயர்வு குறைக்கப்பட்டது. எழுதிய மேலாளர் என்னிடம் எப்போதும் அன்பாகப் பேசுபவர். இத்தனை நல்ல மனங்கள் கூடியிருந்த இடத்தில்தான் நான் பாகுபாட்டுக்கு உள்ளானேன் என்றால், எதிரணியினர் கேட்கும் மனமாற்றம் எனக்கு எதைத் தந்திருக்கும்?

நம் சட்டமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாகுபாடு என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும் இடத்திலேயே, ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதையும் அதில் சேர்த்துவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள தேர்வர் ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில், சொல்லச் சொல்ல எழுதித்தரும் உதவியாளர் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதே கொள்கையை நிலைநாட்டியது. 2024 நவம்பரில் அந்த நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அணுகல் வசதிக்கான நெறிமுறைகள் வெறும் பரிந்துரைகளாக நின்றால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று சொல்லி, நடப்பிலிருந்த விதி சட்டத்துக்குப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. விருப்பமிருந்தால் செய்யுங்கள் என்று மனத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த நீதிபதிகள் அறிந்திருந்தார்கள்.

செலவாகுமே என்பார்கள். என் விஷயத்தில் ஆன செலவைச் சொல்கிறேன்: சட்டத்தைச் சுட்டிக்காட்டி நான் கடிதம் எழுதிய பிறகு, மென்பொருளைச் செய்தவர்கள் நான்கே நாட்களில் பொத்தான்களுக்குப் பெயரிட்டுவிட்டார்கள்.

மனப்பான்மை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. நேர்காணலில் என் கல்வியை விட்டுவிட்டு, தனியாக எப்படி வந்துபோவாய் என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மனம் மாறும் வழி எது என்பதில்தான் எதிரணியோடு எனக்குக் கருத்து வேறுபாடு. பொத்தான்களுக்குப் பெயர் வந்த அந்த வாரம் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டேன். இரண்டு மாதங்கள் கழித்து, பக்கத்து மேசை நண்பர் அனுப்பிய ஒரு கோப்பில் மருத்துவமனைக் கட்டணம் இருமுறை கூட்டப்பட்டிருந்ததைக் கண்டு திருப்பி அனுப்பினேன். அவர் எழுந்து வந்து என் மேசை முன் நின்று, எல்லோரும் கேட்கும்படி என்னோடு அரைமணி நேரம் வாதாடினார். அதற்குமுன் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை, நடுவர் அவர்களே.