பட்டறையில் ஓர் ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, கொடை விழாவுக்கு வந்திருக்கும் எங்கள் ஊர் மக்களே, வணக்கம். திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவனைத் திருத்துவது கடுந்தண்டனையா, மறுவாழ்வா என்பது தலைப்பு. மறுவாழ்வே என்று பேச வந்திருக்கிறேன்.

“இருபது கேஸ் இருக்கிறவனை எதுக்கு வெளியே விடணும்?” என்று எதிரணி அண்ணாச்சி கேட்டதும் பந்தலே கைதட்டியது. அந்தக் கோபம் நியாயமானதுதான். தோட்டத்து மோட்டார் வயரை இரண்டாம் தடவையும் அறுத்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் வழக்கு வேறு, தீர்ப்பு வேறு. அந்த இருபதில் எத்தனை நிரூபணமானது என்று அண்ணாச்சி சொல்லவில்லையே! நிரூபணமாகித் திரும்பவும் செய்தவனுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. மறுபடி தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு கடுங்காவல்.

இது போதாது, மூன்றாவது தடவை உள்ளேயே போட்டுப் பூட்டணும் என்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மக்கள் 1994-இல் ஓட்டுப் போட்டு அதைத்தான் செய்தார்கள். முன்பு கொள்ளைக்குத் தண்டனை பெற்ற ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடினார். 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை! அங்குள்ள உச்ச நீதிமன்றமும் 2003-இல் அது செல்லும் என்றது. அப்புறம் 2012-இல் அதே மாநிலத்து மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டு, மூன்றாவது குற்றம் கொடியதாக இருந்தால்தான் பொதுவாக அந்தத் தண்டனை என்று மாற்றினார்கள். கோபத்தில் போட்ட சட்டத்தைக் கோபம் தணிந்து திருத்திக்கொண்டார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்து மஞ்சப்பையோடு வந்த ஒருவர் எங்கள் அப்பாவின் வெல்டிங் பட்டறையில் வேலை கேட்டார். வயர் திருட்டில் இரண்டு தடவை உள்ளே போனவர். அம்மா கல்லாச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பா யோசித்துத்தான் சேர்த்தார்.

பத்தே நாளில் பக்கத்துத் தெருவில் பைக் காணாமல் போனது. ஜீப் நேராகப் பட்டறைக்குத்தான் வந்தது. முந்தின ராத்திரி பதினோரு மணி வரை அவர் எங்கள் பட்டறையில் கேட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அப்பா பில் புத்தகத்தோடு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிக் கூட்டிவந்தார். அப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை கூட்டிவந்த அன்று சாயங்காலம் அவர், “அண்ணாச்சி, என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. நான் போயிருதேன்” என்றார். அப்பா நிமிரக்கூட இல்லை. “பிரைமர் அடிக்காம எங்கலே போற?” என்றார்.

ஆறு வருஷமாகிறது. இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார். அவர்மேல் ஒரு புது வழக்குக்கூட இல்லை.

நடுவர் அவர்களே, அந்த ஜீப் வந்த அன்று அப்பா கையை விரித்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார்? விடுதலைக்கு ஒரு மாதம் முன்பே நன்னடத்தை அலுவலர் இப்படி ஒரு பட்டறையைத் தேடிவைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் போலீஸ் முதலில் முதலாளியிடம் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று அலையும் பட்டறைக்காரர்கள் இந்தப் பந்தலிலேயே பத்துப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பெயரை எழுதிக்கொள்ளக் கீழே நோட்டோடு நிற்கிறேன். வணக்கம்.