கைக்குத் தெரிய வேண்டும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங் பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறார்கள். நானும் நிறையக் குதித்தவள்தான். ஆனால் என் நாட்களில் பெரும்பகுதி ஒரு நீண்ட மேசையின் முன்னால் நின்றபடியே கழிந்திருக்கிறது. பாராசூட்டைச் சோதித்து மடித்துக் கட்டுவது என் தொழில். இந்தத் தொழில் செய்பவரை ரிக்கர் என்பார்கள். அதனால் இன்று வானத்தின் அழகைப் பற்றிக் குறைவாகவும், முதுகில் சுமக்கும் பையைப் பற்றி அதிகமாகவும் பேசப்போகிறேன். புதிதாகக் குதிக்க வருகிறவர்களிடம் இருபது ஆண்டுகளாக நான் சொல்லிவருவது ஒன்றே ஒன்றுதான். உங்கள் முதுகில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடமாகப் படித்தது போதாது, கைக்குத் தெரிய வேண்டும்.

ஒரு பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோள்களிலும் நெஞ்சிலும் இரண்டு தொடைகளிலும் அதற்கு வார்கள் உண்டு. உள்ளே இரண்டு அறைகள். கீழறையில் இருப்பது வழக்கமாக விரிக்கும் பாராசூட். அதை மெயின் என்போம். மெயின் கைவிட்டால் உதவுவதற்காக மேலறையில் இன்னொன்று இருக்கிறது. அது ரிசர்வ். மெயினைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும். ஒருமுறைகூட விரியாமல் பைக்குள்ளேயே கிடந்தாலும், குறித்த கெடுவுக்குள் அதைப் பிரித்துத் துணியையும் கயிறுகளையும் சோதித்து மறுபடி மடித்தாக வேண்டும். கெடு நாட்டுக்கு நாடு மாறும்; அமெரிக்காவில் 180 நாள். மடித்து முடித்ததும் ரிசர்வைப் பூட்டியிருக்கும் ஊசியைச் சிவப்பு நூலால் கட்டி, நூலின் நுனியில் சிறு பொத்தான் அளவு ஈயத்தை நசுக்கி முத்திரை வைப்பேன். அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்திடுவேன். இந்த நூல் அறுபடத் தேவையே வராமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடுகிறேன்.

முதல் குதிப்பு எப்படி இருக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். லிஃப்ட் சட்டென்று இறங்கும்போது அடிவயிறு கலங்குமே, அதுபோலப் பல மடங்கு இருக்கும் என்று பயந்துகொண்டு வருகிறார்கள். அப்படி இருப்பதில்லை. விமானம் ஏற்கெனவே மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கதவை விட்டு வெளியே வந்த கணமே காற்று உடலைப் பிடித்துக்கொள்கிறது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டினால் காற்று தள்ளுகிறதே, அது உடல் முழுவதற்கும் நேர்கிறது. பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் விழும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுக்கு வந்து அங்கேயே நிலைத்துவிடும். வயிறு தரையைப் பார்த்திருக்க, இடுப்பை முன்னால் தள்ளி உடலை வில்லாக வளைத்தால், காற்றின்மேல் ஆடாமல் படுத்திருக்கலாம்.

அடிவயிறு கலங்குவதில்லை என்றேன். கலங்குவது தலைதான். இரைச்சல், காற்று, வெளிச்சம், கால் ஊன்ற இடமில்லாத நிலை, எல்லாம் சேர்ந்து வந்து மோதும்போது மனம் பாதியை வாங்கிக்கொள்ள மறுத்துவிடுகிறது. முதல்முறை குதித்து இறங்கியவரைக் கேட்டுப் பாருங்கள். கதவை விட்டு வந்த முதல் சில விநாடிகள் பலருக்கு நினைவிலேயே இருக்காது. உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர் மணிக்கட்டிலேயே இருக்கும். அதைப் பார்ப்பார்கள், ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று மனத்தில் பதியாது. அதனால்தான் பயிற்சிக் குதிப்பில் ஆசிரியர்கள் மாணவரைப் பிடித்துக்கொண்டு கூடவே விழுகிறார்கள். 13,000 அடியில் குதிக்கும் மாணவர் 5,000 அல்லது 5,500 அடியில் பாராசூட்டை விரிக்க வேண்டும். இடையில் இருப்பது 50 விநாடிக்கும் குறைவு. நிலையான வேகத்துக்கு வந்தபின் 1,000 அடி கடக்க ஐந்தரை விநாடிதான். ஐந்தரை விநாடிக்கு 1,000 அடி. இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், இதற்குத் திரும்ப வருவேன்.

விரிப்பது எப்படி என்று சொல்கிறேன். பையின் அடியில், வலது கை எட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்து உருவிக் காற்றில் வீசினால் குழந்தைகளின் குடை அளவுக்கு ஒரு சின்னப் பாராசூட் வெளியே வரும். அது பைலட் சூட். அது காற்றைப் பிடித்து, தன்னோடு கட்டிய நாடாவை இழுக்கும். நாடா, பையைப் பூட்டியிருக்கும் ஊசியை உருவும். பை திறந்து மெயின் வெளியேறும். இவ்வளவு வேகத்தில் அது ஒரேயடியாக விரிந்தால் உடல் தாங்காது. அதற்காக ஸ்லைடர் என்று ஒரு துணித்துண்டு. நான்கு மூலையிலும் வளையங்கள், அவற்றின் வழியே பாராசூட்டின் கயிறுகள். குடையில் வளையத்தை நாம் மேலே தள்ளத் தள்ளக் குடை விரிகிறது அல்லவா? இதில் துணி விரிய முயல்கிறது, ஸ்லைடர் அதைத் தடுத்துத் தடுத்துக் கீழே இறங்குகிறது. மூன்று நான்கு விநாடிகளில் முழுவதும் விரிந்துவிடும். அந்தக் கணத்தில் இரைச்சல் முழுவதும் நின்றுபோகும். சற்று முன்வரை கத்தினாலும் கேட்காத இடத்தில் சட்டையின் காலர் படபடப்பது கேட்கும். புதியவர்கள் பலருக்கு அங்கேதான் அழுகை வருகிறது.

இனி ஒரு சம்பவம். என்னிடம் மடிக்கக் கற்றுக்கொண்ட ஓர் இளைஞர், நாற்பது குதிப்புகள் முடித்திருந்தார். ஒரு நாள் அடுத்த விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில், நண்பர்களோடு பேசிக்கொண்டே மெயினை மடித்தார். 4,000 அடியில் பைலட் சூட்டை வீசினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். எதுவும் நடக்கவில்லை. தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். பைலட் சூட் காற்றைப் பிடிக்காமல் வதங்கிய துணியாக நாடாவின் நுனியில் இழுபட்டுக்கொண்டு வந்தது. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. ஐந்தரை விநாடிக்கு 1,000 அடி. ரிசர்வ் கைப்பிடி இடது நெஞ்சோரம் இருக்கும். அதைப் பார்த்தார், பிடித்தார், இழுத்தார். இந்த நிலையில் மெயினைக் கழற்றிவிட்டு ரிசர்வை இழுப்பதா, நேராக ரிசர்வையே இழுப்பதா என்பதில் பள்ளிக்குப் பள்ளி பாடம் வேறுபடும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நேராக ரிசர்வ். கற்றதை அப்படியே செய்தார்.

இறங்கியதும் நேரே என் மேசைக்குத்தான் வந்தார். ரிசர்வை இரண்டு கைகளிலும் அள்ளிக் கட்டிக்கொண்டு நின்றார். "அக்கா, இது நீங்கள் மடித்தது" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி, கீழே என் கையெழுத்து. சிவப்பு நூலின் அறுந்த நுனி கைப்பிடியின் ஊசியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு இருவரும் உட்கார்ந்து பைலட் சூட்டைப் பார்த்தோம். அதன் நாடாவுக்குள்ளே ஒரு கயிறு ஓடுகிறது. மெயின் விரிந்தபின் பைலட் சூட் சும்மா பின்னால் இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, அந்தக் கயிறு அதைச் சுருக்கிவிடும். அடுத்த முறை மடிக்கும்போது அந்தக் கயிற்றை இழுத்துப் பைலட் சூட்டை மறுபடி விரியும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தோமா என்று பார்ப்பதற்கு நாடாவில் ஒரு சிறு ஜன்னல் இருக்கும். உள்ளே வண்ணக் கயிறு தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் முதுகில் இருப்பது பைலட் சூட் அல்ல, வெறும் துணி. அவருடைய ஜன்னலில் வண்ணம் தெரியவில்லை. பேச்சுக்கு நடுவே ஒரே ஓர் இழுப்பு விட்டுப்போயிருந்தது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அந்த ஜன்னலைப் பார்க்கக் கண் மறந்தது ஒன்று. ஆனால் ரிசர்வ் கைப்பிடியை அவர் கை மறக்கவில்லையே, அது இன்னொன்று. "நான் எதையும் முடிவு செய்த நினைவே இல்லை, கை அங்கே போயிருந்தது" என்றார். ஒவ்வொரு நாளும் முதல் விமானம் ஏறுமுன் பையை மாட்டிக்கொண்டு பத்து முறை பார், பிடி, இழு என்று செய்து காட்டச் சொல்வேன். சலித்துக்கொள்வார்கள். அவரும் சலித்துக்கொண்டுதான் செய்தார்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். மெயின் விரிந்தும் கோளாறாக விரிந்தால் என்ன செய்வது? கயிறு ஒன்று துணியின் மேலே போய் விழுந்து குறுக்கே அழுத்தலாம். கயிறுகள் முறுக்கிக்கொண்டு ஆளைச் சுழற்றலாம். அந்தப் பாராசூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் ரிசர்வை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். முன்பெல்லாம் இரு தோள்களிலும் தனித்தனி உலோகப் பூட்டு. சுழன்றுகொண்டே மூடியைத் திறந்து, கட்டைவிரலை மாட்டி, இரண்டையும் இழுக்க வேண்டும். 1970களில் பில் பூத் என்ற அமெரிக்கர் மூன்று வளையங்களால் இதைத் தீர்த்தார். பெரிய வளையம் தோள் வாரில் இருக்கும். நடு வளையம் அதற்குள் நுழைந்து மடங்கும். சின்ன வளையம் நடு வளையத்துக்குள் நுழைந்து மடங்கும். சின்ன வளையத்தை ஒரு மெல்லிய கயிற்றுக் கண்ணி பிடித்துக்கொள்ளும். கண்ணிக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு கேபிள். கடப்பாரையால் பாறையை நெம்பும்போது நம் கை கொஞ்சம்தானே அழுத்துகிறது? ஒவ்வொரு வளையமும் ஒரு கடப்பாரை. மூன்றைத் தாண்டி வருவதற்குள் ஓர் ஆளின் முழு எடையும் தேய்ந்து, விரல் தடிமன்கூட இல்லாத கண்ணி தாங்கும் அளவுக்கு ஆகிவிடுகிறது. வலது நெஞ்சோரம் உள்ள கைப்பிடியை இழுத்தால் இரண்டு கேபிள்களும் சேர்ந்து உருவிக்கொள்ளும், வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு விடுபடும், மெயின் போய்விடும். என் மேசையில் இதை எத்தனை ஆயிரம் முறை கழற்றி மாட்டியிருப்பேனோ, இன்றும் அந்த வளையங்கள் புரளும் சத்தம் கேட்டால் மனம் நிறைகிறது.

ஆனால் கவனிக்காமல் விட்டால் இதுவும் கெடும். வார் ஒரே மடிப்பில் கிடந்து விறைத்துவிடும், கேபிளில் அழுக்கு ஏறும். மாதம் ஒருமுறை கழற்றி, வாரை இருபக்கமும் வளைத்து நெகிழ்த்தி, கேபிளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். புதியவர்கள் இதை ரிக்கரின் வேலை என்று நினைக்கிறார்கள். பக்கத்தில் நின்று செய்து பழகுங்கள், ஒருமுறை செய்தால் கை மறக்காது.

தானாக ரிசர்வைத் திறக்கும் கருவி இருக்கிறதே, பிறகென்ன பயம் என்பார்கள். 1991இல் ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் என்பவர் சைப்ரஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தார். மயங்கியோ உயரம் மறந்தோ விழுந்த எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். அனுபவசாலிகளுக்கான வகை, தரைக்கு மேலே 750 அடி அளவில், விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் அறையைப் பூட்டியிருக்கும் கயிற்றுக் கண்ணியை வெட்டி அதைத் திறந்துவிடும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தயவுசெய்து கேளுங்கள். பாதி விரிந்த மெயினோடு சுழன்று விழும்போது வேகம் அந்த அளவைத் தொடாமல் போகலாம். அப்போது கருவி வெட்டாது. தரையில் மோதும் வேகம் மட்டும் குறைவாக இருக்காது. மாணவருக்கு 2,500 அடி முடிவெடுக்கும் உயரம் என்று சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். அந்த உயரத்தில் மெயின் சரியில்லையா, கழற்றுங்கள், ரிசர்வை இழுங்கள். கருவியை எதிர்பார்க்காதீர்கள்.

ஊசி நுழைந்து மெயின் அறையைப் பூட்டும் சுருக்குக் கண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் நுனி பஞ்சுபோல் பிரிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். அது அறுந்து விமானக் கதவருகே பை திறந்துகொண்டால், மெயின் வாலில் சிக்கி உள்ளே இருக்கும் எல்லாருக்கும் ஆபத்து. விமானத்துக்குள் பையை எதன்மீதும் உரசாதீர்கள். ஏறுமுன் ஒருமுறை, குதிக்குமுன் ஒருமுறை, ஊசியையும் நெஞ்சு வாரையும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். இறங்குவதைப் பற்றிப் பேசவே இல்லை, இரண்டு வார்த்தையில் சொல்கிறேன். அமெரிக்காவில் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 40க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2023இல், 36 லட்சத்துக்கும் அதிகமான குதிப்புகளில், 10 பேர். கருவிகள் அவ்வளவு முன்னேறிவிட்டன. இன்று நடக்கும் மரணங்களில் கணிசமானவை நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழே, தரைக்கு அருகில், தாழ்வாகத் திரும்பியதால் நடக்கின்றன. சின்னப் பாராசூட் வேகமாகப் பறக்கும், வேகமாகத் திரும்பும்; அதனால் அதற்கு அவசரப்படாதீர்கள். கருவிகளோடு சேர்த்து உங்கள் எடை 190 பவுண்டு என்றால் 190 சதுர அடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் காற்றின் திசை தவறிவிட்டது தெரிந்தாலும் திரும்பாதீர்கள். பாராசூட்டை நேராக வைத்து, அதைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் இருக்கும் இரண்டு பிடிகளையும் சமமாக இழுத்து, கால்களையும் முழங்கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு பக்கவாட்டில் உருண்டு விழுங்கள். உடை அழுக்காகும், அவ்வளவுதான்.

வணக்கம்.