காது வைத்த பலகைகள்

நேயர்களுக்கு வணக்கம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகளின் பழைய கடலோடிகள் எப்படிக் கலம் கட்டினார்கள்? எழுத்தில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். மரத்தில்தான் தேட வேண்டும். அந்த வெதுவெதுப்பான கடலில் மணலுக்கு மேலே துருத்தும் மரத்தைக் கப்பல்புழு விட்டுவைக்காது. நல்ல கலங்கள் நிலத்துச் சேற்றில் கிடைத்ததற்குக் காரணம் அதுதான். மிண்டனாவோ தீவின் புட்டுவானில் 1976-இல், ஜாவாவின் புஞ்சுல்ஹார்ஜோ ஊரில் 2008-இல்.

முதலில் பார்க்க வேண்டியது பலகையின் உட்புறம். செதுக்கும்போதே, அண்டாவுக்குக் காது வைப்பதுபோல, அதே மரத்தில் புடைப்பு விட்டிருக்கிறார்கள். அங்கே அதற்குத் தம்புகோ என்று பெயர். காதில் துளையிட்டு, கறுப்பான ஒருவகைப் பனைநாரை அதில் விட்டு, கலத்தின் குறுக்கே வளையும் விலாக்கட்டைகளை இறுகக் கட்டுவார்கள். பலகைகளின் விளிம்புகளை மரமுளை சேர்க்கும். நம் சென்னைக் கரையின் மசூலாப் படகில் தையல் பலகையை ஊடுருவி வெளியே தெரியும். இங்கே இந்தக் கட்டு உள்ளேயே அடங்கிவிடும்; கரையில் இழுத்தாலும் நார் தேயாது. ஆனால் காது நிற்க வேண்டுமானால் சுற்றியுள்ள மரத்தையெல்லாம் செதுக்கித் தள்ள வேண்டும். பெருமரங்கள் தாராளமாகக் கிடைத்த நாட்டின் வேலை இது.

தோண்டும்போது முதலில் உடைவது இந்தக் காதுதான். ஆகவே எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு காதின் இடைவெளியையும், துளையின் சாய்வையும், நார் தேய்த்த தடத்தையும் அளந்து வரைந்துவிட வேண்டும். ஊறிய மரத்தின் செல்களைத் தாங்கி நிற்பது தண்ணீர். வெயிலில் விட்டால் சுருங்கி, முறுக்கிக்கொள்ளும். பிறகு மீட்க வழியில்லை. நன்னீர்த் தொட்டியில் போட்டு, உப்புப் போகும்வரை நீரை மாற்றுவார்கள். வெள்ளி நைட்ரேட் விட்டால் நீர் பால்போலக் கலங்குகிறதா? உப்பு இன்னும் இருக்கிறது. அடுத்தது பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல்; நீர் இருந்த இடத்தில் புகுந்து மரத்தைத் தாங்கும் மெழுகு போன்ற பொருள் அது. நீர்த்த கரைசலில் தொடங்கி, சிறுகச் சிறுகச் செறிவு கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கெட்டியான கரைசலில் போட்டால், அது உள்ளே நுழையும் முன் நீர் வெளியேறி மரம் நொறுங்கும்.

கார்பனை வைத்து வயது அறியும் காலக்கணிப்புக்கான மாதிரியை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கிளைக்கால் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதன் மிகப் பழைய கார்பன் வயதைக் கூட்டிக் காட்டும். மரத்தின் நடுப்பகுதியும் கலத்தைவிடப் பல தலைமுறை மூத்ததாக இருக்கக்கூடும். நாருக்கு அப்படி நீண்ட வயது இல்லை; ஆகவே மரத்தைவிட நார் நல்ல சாட்சி.

புட்டுவான் கலங்களில் மூன்றுக்கு முதலில் 4, 10, 13-ஆம் நூற்றாண்டுகள் என்று காலம் குறித்தார்கள். ஒரே ஊரில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீண்ட தச்சு மரபு என்று அதை வைத்தே பேசினார்கள். அண்மை மறுகணிப்போ அந்தக் கலங்களை 8 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. அப்படியானால் அவற்றிடையே காணும் வேறுபாடுகளைக் கால வளர்ச்சியாகப் பார்க்க முடியாது. ஏறக்குறைய ஒரே காலத்துத் தச்சர்களின் கைவேறுபாடாகவே பார்க்க வேண்டும்.