வெல்ல ஆடுவதும் தோற்காதிருக்க ஆடுவதும்

நேயர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் மாலைப் பயிற்சியைப் பார்ப்பவர்களுக்கு, பந்தின் பின்னே ஓடும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி உழைப்பதாகவே தோன்றும். ஆனால் கோல் போட்டே தீர வேண்டும் என்று ஒரு பையன் ஓடுவான். அணியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடக் கூடாதே என்று அவன் பக்கத்திலேயே இன்னொருவன் ஓடுவான். வண்ணாரப்பேட்டை டியூஷன்களில் பொதுத்தேர்வுக்குப் படிப்பவர்களிடமும் இந்த இருவகை ஊக்கம் உண்டு. முதலாவதை நாடும் ஊக்கம் என்றும் மற்றதைத் தவிர்க்கும் ஊக்கம் என்றும் சொல்லலாம். இவற்றை அளப்பது எப்படி?

வெற்றி மீதான ஆவலும் தோல்வி பற்றிய அச்சமும் தனித்தனி விசைகள் என்று 1950-களிலேயே உளவியலாளர் ஜான் அட்கின்சன் எழுதினார். 2001-இல் ஆண்ட்ரூ எலியட்டும் ஹாலி மெக்ரெகரும், திறனை வளர்ப்பது, பிறரை விஞ்சுவது ஆகிய இரண்டையும் நாடல், தவிர்த்தல் என்று பிரித்து, நான்கு இலக்குகளுக்குப் பன்னிரண்டு கூற்றுகள் கொண்ட வினாத்தாளை மாணவர்களுக்காக உருவாக்கினார்கள். 2003-இல் விளையாட்டுக்கும் அது வந்தது.

சிக்கல் கூற்றுகளின் சொற்களில் இருந்தது. தவிர்ப்பைக் கேட்ட சில கூற்றுகளில் அச்சமும் கவலையும் கலந்திருந்தன. பயப்படுகிற பிள்ளை தவிர்க்கவே நினைக்கும் என்று கொள்ள முடியாது. பயமே சிலரை முதலிடத்தை நோக்கித் துரத்துகிறது. ஆகவே 2008-இல் எலியட்டும் முரயாமாவும் உணர்ச்சிச் சொற்களை நீக்கி, இலக்கை மட்டும் கேட்கும்படி வினாத்தாளைத் திருத்தினார்கள். 2010-இல் ஹல்மன் குழுவினர் 243 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே பெயரில் வழங்கிய அளவுகோல்களே எதிரெதிர் முடிவு தந்தது தெரிந்தது: பிறரைவிட நன்றாகச் செய்வதைக் கேட்ட அளவுகோல்கள் நல்ல தேர்ச்சியோடும், திறமைசாலியாகக் காட்டிக்கொள்வதைக் கேட்டவை குறைந்த தேர்ச்சியோடும் சேர்ந்திருந்தன. அளவுகோலின் பெயரை நம்பாமல் கூற்றுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேட்காமலும் அளக்கலாம். கெய்ர் யோர்டெட்டும் எஸ்தர் ஹார்ட்மனும் 2008-இல் பெரிய கால்பந்துப் போட்டிகளின் பெனால்டி உதைகளை வீடியோவில் ஆராய்ந்தார்கள். தவறவிட்டால் அந்தக் கணமே அணி தோற்கும் என்ற நிலையில் உதைத்தவர்கள் கோல்காப்பாளரிடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொள்வதும், சீக்கிரம் முடித்துவிட அவசரப்படுவதும் மிகுந்திருந்தன. அடித்தால் வெற்றி என்ற நிலையில் உதைத்தவர்களைவிட அவர்கள் கோல் அடித்ததும் குறைவு. நம் பயிற்சியாளர்கள் பந்தோடு முகத்தையும் கவனித்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வினாத்தாளைக் கையில் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அதை வைத்து அணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்படிச் செய்வீர்கள் என்று தெரிந்தால், பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த விடையைத்தான் எழுதுவார்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். மேலும், இலக்கு ஆளுக்கு ஒன்றல்ல, இடத்துக்கு இடம் மாறுவது. ராயபுரத்தில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியதும் முன்னேறித் தாக்கும் ஒரு பெண், மறுநாள் காலை வகுப்பில் தவறாகிவிடுமோ என்று விடையே சொல்லாமல் உட்கார்ந்திருக்கக்கூடும். ஆதலால் குத்துச்சண்டைக்குத் தனியாகவும் கணக்குக்குத் தனியாகவும் கேளுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள். வணக்கம்.