வாயில்லாப் பிள்ளையும் பிழைக்கணும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. நடுவில் இரண்டு முறை கரண்ட் போனதால் விட்டுப்போன வரிகளையும் சேர்த்திருக்கிறேன்.)

தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, வட்டாட்சியர் அவர்களே, நாற்காலி கொடுத்த வணிகர் சங்கத்தாரே, மைக்செட் தம்பியே! யார் பெயராவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டு, ஆறு மாதம் அவர் வீட்டுப் பக்கமே போக முடியவில்லை.

'மருத்துவமனையில் புதுமைகள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன். ஒன்று, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. இரண்டு, அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தர 1994-இல் வந்த மருத்துவப் பணிகள் கழகம். மூன்று, பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த 2021-இன் 'மக்களைத் தேடி மருத்துவம்'.

முதலாவது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரலால் கத்தி பிடித்துக் கண் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையில் ஓய்வுபெற்று, 58 வயதில், 1976-இல், 11 படுக்கையோடு ஆரம்பித்தார். டாக்டர் ஒரு மேஜையில் புரை எடுக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயாராகப் படுக்கவைத்துவிடுவார்கள். இது முடிந்ததும் ஸ்டூலை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி, தாங்களே செய்தார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. ஆபரேஷன் இலவசம் என்றாலும் பல பேர் வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட வர ஆள், ஊர் திரும்பும் வழி எல்லாம் யோசனையாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கண் பரிசோதனை முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவிட்டார்கள். 'வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்' என்பார்கள். வாயில்லாத பிள்ளைக்கு என்ன வழி என்று யோசித்த இடம் அது.

இங்கே என் பெரியம்மா கதையைச் சொல்லாமல் போகமாட்டேன். கேட்டவர்கள் இன்னொரு தரம் கேளுங்கள்.

முழங்கால் வலி. ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எது என்று வேண்டாம். ஓ.பி. சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு எக்ஸ்ரே ரூமைத் தேடுகிறாள். போர்டில் 'கதிரியல் துறை' என்று சுத்தத் தமிழில் இருக்கிறது. நான் தமிழ்ப்பற்று உள்ளவன்தான், ஐயா. ஆனால் முழங்கால் வலிக்காரிக்குக் கதிர் என்றால் நெற்கதிர்தானே? அந்த வாசலைத் தாண்டியே போய்விட்டாள். ஒருவரைக் கேட்டாள்; மொபைலை விட்டுத் தலையைத் தூக்காமல் "நேராப் போங்க" என்றார். நேராகப் போனாள். ஒரு வரிசை. நின்றாள். நொண்டுவதைப் பார்த்து, "பாட்டி, நீங்க முன்னால போங்க" என்று வழிவிட்டார்கள். அவளுக்கு ஒரே பெருமை!

உள்ளே ஒரு டாக்டர், "எத்தனை வருஷமா, பாட்டி?"

"வருஷமா? வெள்ளிக்கிழமையிலிருந்துதான்யா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது மாற்றுத்திறனாளி சான்றிதழ் வரிசை! எக்ஸ்ரே ரூமுக்குக் கொண்டுபோய் விடுவதற்குள் அன்றைக்கு ஓ.பி. முடிந்துவிட்டது. "ஏன் பெரியம்மா, இன்னொருத்தரைக் கேட்டிருக்கலாமே?" என்றேன். "படிச்சவங்க நடமாடுற இடம்யா, எத்தனை தடவைதான் கேக்கிறது?" என்றாள். வாயுள்ள பிள்ளைதான், ஐயா. எங்கள் தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. அந்த வாயே அங்கே அடைத்துப்போனது.

அதனால்தான் மேடை கிடைத்த இடமெல்லாம் இதையே கேட்கிறேன். ஆஸ்பத்திரித் தரையில் கோடு போடுங்கள். எக்ஸ்ரேக்குச் சிவப்பு, ரத்தப் பரிசோதனைக்கு நீலம், மருந்து கொடுக்கும் இடத்துக்குப் பச்சை. எழுத்துத் தெரிய வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். போர்டில் 'எக்ஸ்ரே' என்றே எழுதுங்கள். பக்கத்தில் ஒரு எலும்புப் படம். கண் தெரியாதவருக்கும் தனியாக வந்தவருக்கும் வாசலில் ஒரு ஆள்.

தலைவர் மணி அடிக்கிறார். மருத்துவப் பணிகள் கழகமும் 'மக்களைத் தேடி'யும் அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும்.

கண்காணிப்பாளர் ஐயா, பெயிண்ட் செலவு வாசகர் வட்டத்துடையது. ஓ.பி. இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஒரு நாள் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு பிரஷ்ஷோடு பத்துப் பேர் கேட்டில் நிற்போம்.