பாட வந்தால் மரியா ஆகிவிடலாமா? நத்தார் கால நேரலை இசை நாடகத்தை எடைபோடும் விதம்

[காட்சி: மாரி மழையில் டச் பே கடற்கரை. அடுத்து ஒரு மண்டபத்தின் தகரக் கூரை. மழைச் சத்தம் மேலோங்குகிறது.]

மார்கழியில் திருகோணமலை மண்டபங்களில் இரண்டு சத்தம் சேர்ந்து கேட்கும். ஒன்று கூரையில் மழை, மற்றது உள்ளே நத்தார் ஒளிவிழா ஒத்திகை. பழக்குகிறவர்களுக்கு வருடா வருடம் ஒரே தலையிடி: பிரதான பாத்திரத்துக்கு நல்லாப் பாடுகிற பிள்ளையா, நல்லா நடிக்கிற பிள்ளையா?

ஒரே நாடகத்துக்கு இரண்டு நாட்டுத் தொலைக்காட்சிகள் இந்தக் கேள்விக்கு எதிரெதிரான விடை கொடுத்திருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

[திரையில்: 2013 டிசம்பர் 5]

அமெரிக்காவின் என்பிசி அன்றிரவு ‘தி சவுண்ட் ஒஃப் மியூசிக் லைவ்!’ நாடகத்தை லோங் ஐலண்டில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து நேரலையாகக் காட்டியது. விளம்பரங்களோடு 3 மணித்தியாலம். பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடி 86 லட்சம் பேர். கன்னியர் மடத்திலிருந்து ஒரு கப்டனின் வீட்டுக்குப் போய் அவர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் மரியாதான் பிரதான பாத்திரம். மரியாவாக வந்தவர் கேரி அண்டர்வூட். 2005இல் ‘அமெரிக்கன் ஐடல்’ வென்ற பாடகி.

முதலில் ஒரு அநியாயத்தைக் கழித்துவிடுவோம். இதே கதையின் 1965 படத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைத் திட்டியவர்கள் கனபேர். ஆனால் இது 1959 மேடை நாடகத்தின் வழியில் போனது. படத்தில் இடி மின்னலுக்குப் பயந்த பிள்ளைகளுக்கு மரியா பாடும் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’, மேடை வடிவில் மடத்துக்குள், மடத்துத் தலைவியான மடத்துத் தாயோடு சேர்ந்து பாடுவது. இடி மின்னலுக்கு அங்கே ஆட்டுக்காரன் பாட்டு. அது நடிகையின் பிழை அல்ல. எந்த வடிவம் என்று தெரிந்துகொண்டுதான் புள்ளி போட வேண்டும்.

இனி உண்மையான சோதனை. பாட்டைப் பார்க்காதீர்கள், பாட்டுக்கு முந்திய இரண்டு விநாடியைப் பாருங்கள்.

[காட்சி: ஒரு பெண் கதைத்துக்கொண்டே வந்து பாட்டுக்குள் நுழைகிறார். அதே துண்டு மெதுவாக மறுபடி.]

கதைக்கிற குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதிக்கு ஏறவேண்டும். மூச்சு, சொல் முடிய முன்னமே உள்ளே போயிருக்கவேண்டும். கண், பாட்டின் காரணத்தைக் கண்டிருக்கவேண்டும். அண்டர்வூட்டிடம் குரலில் குறை சொல்ல இடமில்லை, சுத்தமான சுருதி. ஆனால் கதைக்கும்போது ஒரே மட்டம். வசனம் முடிகிறது, ஒரு சின்ன வெறுமை, பிறகு வேறொரு ஆள் வந்து பாடுவதுபோல் பாட்டு தொடங்குகிறது. பத்தாவது வரிசையில் இருந்தால் இது தெரியாது. கமரா முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும்போது மறைக்க வழியில்லை.

இதில் பாத்திரத் தேர்வுக்கும் பங்குண்டு. மடத்துத் தாயாக ஆட்ரா மெக்டொனால்ட், மேடை நாடகத்துக்கான டோனி விருதுகளை அப்போதே ஐந்து முறை பெற்றிருந்தவர். கப்டன் மணக்க இருந்த எல்சாவாக லாரா பெனான்டி, ஒருகாலம் நியூயோர்க்கின் பிராட்வே மேடையில் இதே மரியாவாக நடித்தவர். புதியவரைத் தாங்கிப் பிடிக்கப் பலமான ஆட்களைச் சுற்றி நிறுத்தினார்கள். நடந்தது மறுபக்கம்: எல்சா ஒரு வரி சொன்னதும் மரியாவின் வரி மெலிந்து கேட்டது. பார்வையாளரும் ஸ்டூடியோவில் இல்லை. பகிடிக்குச் சிரிப்பில்லை, பாட்டுக்குக் கைதட்டலில்லை. பழகின மேடை நடிகர் அந்த மௌனத்தை முகத்தால் நிரப்பிவிடுவார். கச்சேரிப் பாடகிக்கு அது காலுக்குக் கீழே மண் இல்லாத மாதிரி.

[திரையில்: 2015 டிசம்பர் 20]

பிரித்தானியாவின் ஐடிவி அதே நாடகத்தை எடுத்தபோது மரியாவாக நடிகை காரா டொயின்டனைப் போட்டது. குரலில் அண்டர்வூட்டின் பாரம் கிடையாது. ஆனால் கதையிலிருந்து பாட்டுக்குப் போகும்போது தையல் தெரியாது. குரல் பலத்தைக் கப்டன் பக்கம், ஜூலியன் ஓவன்டனிடம் வைத்தார்கள். அவர் நடிகர், பயின்ற பாடகரும். எங்கள் தீர்ப்பு ஐடிவி பக்கம்தான். மரியா தனியாகக் கச்சேரி செய்பவள் அல்ல, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள்.

[காட்சி: வட்டக்களரி. மத்தளம், தாளம், சதங்கைக் கால்கள்.]

எங்கள் கூத்துக் கண்ணோடு பார்த்தால் இன்னொன்று பிடிபடும். களரியில் ஆடுபவர் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார். அந்த நேரத்தில் ஆடுபவருக்கு மூச்சு திரும்பும். நேரலை இசை நாடகத்தில் அந்தக் கடன் தர ஆளில்லை. ஆகவே ஆட்டம் முடிந்து வரும் முதல் வரியைக் கவனியுங்கள். வரியின் கடைசிச் சொல் விழுங்கப்பட்டால் மூச்சுக் கணக்குப் பிழை. தொடக்கம் அரைத் தாளம் பிந்தினால் பெரும்பாலும் இசை அவர் காதுக்குச் சரியாக எட்டவில்லை. முதலாவது நடிகரின் கணக்கு, இரண்டாவது ஒலிக்காரர் கணக்கு. இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டக்கூடாது.

கைபேசிப் பதிவிலும் இதே மயக்கம் வரும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 20 மீட்டர் பின்னால் நின்று எடுத்தால் சத்தம் உதட்டுக்கு 0.06 விநாடி பிந்தி வரும். பிள்ளை வாயசைத்து ஏமாற்றுவதுபோல் தோன்றலாம், பாவம். மேடையோரம் இன்னொரு கைபேசியில் சத்தத்தை மட்டும் பதிந்து, தொடக்கத்தில் மேடையில் ஒரு கைதட்டலை அடையாளமாக வைத்து, கை சேரும் படத்தோடு அந்தச் சத்தத்தைப் பிறகு பொருத்துங்கள். தகரக் கூரை மழைச் சத்தமும் ஓரளவு அமுங்கும்.

[காட்சி: தேர்வு நாள். நாற்காலி, ஆர்மோனியம், வரிசையில் பிள்ளைகள்.]

ஆள் எடுக்கும்போது பாட்டை மட்டும் பாட வைக்காதீர்கள். நாலு வரி வசனம், உடனே பாட்டின் முதல் இரண்டு வரி, இடையில் ஆர்மோனியம் தொடவேண்டாம். தன் குரலிலேயே ஒரு சுருதியைப் பிடித்துக்கொள்கிற பிள்ளையைக் குறித்துவையுங்கள். எத்தனை கட்டைச் சுருதி என்பதைப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி தீர்மானிக்கலாம். இசைத்தட்டின் கட்டைக்குப் பிள்ளையை இழுத்தால் மேல் ஸ்தாயியில் கத்தும், வசனம் கீழே கிடக்கும்.

அடுத்து, அதே பிள்ளையைச் சும்மா நிறுத்தி, இன்னொருவர் பாடுவதை இரண்டு நிமிடம் கேட்க வையுங்கள். கண் பாடுகிறவர் முகத்தில் நிற்கிறதா, சனத்துக்குள் அம்மாவைத் தேடுகிறதா? கேட்கத் தெரிந்த முகத்தைத்தான் கமரா விரும்பும். பெரிய நாடகத்தைப் பார்க்கும்போதும் மடத்துத் தாயின் பெரிய பாட்டில் பாடுகிறவரை விட்டுவிட்டு மரியாவைப் பாருங்கள். அங்கே கிடைக்கும் புள்ளியை எந்தப் பாட்டிலும் எடுக்க முடியாது.

கடைசியாக மாற்று ஆள். 2019 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபொக்ஸ் தொலைக்காட்சி ‘ரென்ட்’ இசை நாடகத்தை நேரலையாகக் காட்ட இருந்தது. ஒளிபரப்புக்கு முந்திய நாள் ஒத்திகையில் ஒரு பிரதான நடிகரின் கால் முறிந்தது. மாற்று ஆள் தயாரில்லை. பெரும்பகுதிக்கு அந்த ஒத்திகைப் பதிவையே ஒளிபரப்பினார்கள். கோடிக்கணக்கில் செலவழிப்பவர்களுக்கே அந்த நிலை என்றால், மாரிக் காய்ச்சல் ஓடும் மார்கழியில் எங்களுக்கு? கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் அடுக்குப் பார்ப்பதுபோல் முழு ஒத்திகைக்கு ஒரு நாள் வையுங்கள். அன்றைக்கு இரண்டாவது மரியாவை முழு உடுப்போடு, முதல் காட்சியிலிருந்து கடைசிவரை ஒருமுறை மேடையேற்றிப் பாருங்கள். பாவாடை நீளம் சரியில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.