அனுபவச் சான்றிதழும் ஆகாய விமானமும்

(திருச்சியில் நடந்த தனியார் பள்ளி ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் ஓய்வுபெற்ற முதன்மைக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கத்தைத் திறந்துவிட்ட கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மதியச் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அரிமா சங்க அன்பர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியையும் சேர்த்துப் பேசிவிட்ட தமிழாசிரியர் நண்பரே, எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வெயிலில் பேருந்து பிடித்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

கல்வி அலுவலர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் மேலே போக முடியாது. அவர் ஆய்வுக்கு வந்தால் கரும்பலகையைப் பார்க்க மாட்டார். மாணவர் நோட்டைப் புரட்ட மாட்டார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாங்கி, அதில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பெயர் இருக்கும், ஆள் வராது. ஆள் நிற்கும், பெயர் இருக்காது. தாளாளர்கள் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். ஐயா, அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசப்போகிறேன்.

தலைப்பு என்னவோ வேறு. ‘வெளிநாட்டு இன்டர்நேஷனல் பள்ளிகளில் ஆசிரியர் வேலை தேடுவது எப்படி’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். சரி, முறையாகவே சொல்கிறேன். நான்கு செய்திகள். வேலை எங்கே இருக்கிறது, எப்போது தேடுவது, யார் மூலம் தேடுவது, குடும்பத்தை என்ன செய்வது. இந்த நான்குக்கும் அடியில் ஓடுகிற ஒரு பழமொழியை இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

வெளிநாட்டில் வாத்தியார் வேலை என்பது நமக்குப் புதிது அல்ல. என் தலைமுறைக்குப் பாடம் சொன்னவர்களில் பலர் எத்தியோப்பியா போனவர்கள். எழுபதுகளின் கடைசியில் எண்ணெய்ப் பணம் பெருகியபோது நைஜீரியா போனவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் அதற்கும் வெகு முன்பே மலாயாவில் பெயர் வாங்கியவர்கள். அன்றைக்கு ஒரு கடிதம், ஒரு நேர்காணல், விமானச் சீட்டு, அவ்வளவுதான். இன்றைக்கு அப்படி இல்லை.

முதல் செய்தி, எங்கே. துபாய், ஷார்ஜா, மஸ்கட், குவைத், தோஹா, ரியாத் என்று வளைகுடா முழுக்க சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன. பழகிய பாடநூல், பழகிய தேர்வு. பட்டம், பி.எட்., இரண்டு வருஷ அனுபவம் இருந்தால் பேச்சை ஆரம்பிக்கலாம். பிரிட்டிஷ், அமெரிக்கப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் அங்கே சம்பளம் குறைவு. அதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு விருப்பம் இல்லை.

அடுத்து, கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளிகளும், ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலரியேட் பாடத்திட்டப் பள்ளிகளும். ஐ.பி. 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. இந்தியாவில் அது முதலில் கால் வைத்த இடம் பம்பாயும் இல்லை, டெல்லியும் இல்லை, நம் கொடைக்கானல். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளி, 1976இல் ஐ.பி.யை எடுத்துக்கொண்டது. இந்த வகைப் பள்ளிகள் அதே பாடத்திட்டத்தில் பாடம் எடுத்த அனுபவத்தைக் கேட்கும். அதனால் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ அப்படி ஒரு பள்ளியில் இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போவது நல்லது. கணிதம், அறிவியல், மொழிப் பாடம் எடுப்பவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்ற இந்திய ஆசிரியர்கள், இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று 2023 பிப்ரவரியில் அந்நாடு விதியைத் திறந்தது. அந்தத் தகுதி கையில் இருந்தால் உலகத்தில் எந்த பிரிட்டிஷ் பள்ளியிலும் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அப்புறம் மாலத்தீவு. நான் இருந்த இடம். தீவை ஒரு நடையில் சுற்றி வந்துவிடலாம். காய்கறிப் படகு வராத வாரத்தில் சோறும் டின் மீனும்தான். பிள்ளைகள் தங்கம். இதற்கு மேல் சொன்னால் நான் அங்கேயே போய்விடுவேன்.

இரண்டாவது, எப்போது. இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடித்து, விடைத்தாள் திருத்தி, ஏப்ரல் கடைசியில் ‘வெளிநாட்டில் ஏதாவது இருக்கிறதா சார்’ என்று போன் செய்கிறார்கள். ஆகஸ்ட்டில் திறக்கும் பள்ளி, முந்தின அக்டோபர், நவம்பரிலேயே தன் ஆசிரியர்களிடம் ‘அடுத்த வருஷம் இருக்கிறீர்களா, போகிறீர்களா’ என்று எழுதி வாங்கிவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் நல்ல இடங்கள் எல்லாம் முடிந்துவிடும். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறப்பவை, அங்கேயும் பொங்கலை ஒட்டித்தான் நேர்காணல். தீபாவளி முடிந்ததும் விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, யார் மூலம். பள்ளியின் சொந்த இணையப் பக்கம்தான் முதல் இடம். செர்ச் அசோசியேட்ஸ், ஐ.எஸ்.எஸ்., டெஸ் போன்ற ஆசிரியர் வேலைக்கென்றே உள்ள தளங்கள் உண்டு. இவை பெரும்பாலும் பள்ளியிடம்தான் காசு வாங்கும். உள்ளூர் ஏஜென்ட் என்றால் 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. இரண்டு லட்சம் கேட்கிறவர் உங்களுக்கு வேலை தேடவில்லை, உங்களைத் தேடிக்கொண்டிருந்தார். ‘சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், வந்ததும் மாற்றித் தருகிறோம்’ என்றால் அந்தப் போனை வைத்துவிடுங்கள். வீடு, விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அமீரகத்தில் முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை என்று சட்டமே சொல்கிறது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சில் முதல்வர் சொன்னார், மேனேஜர் சொன்னார் என்பதெல்லாம் விமானம் ஏறும் வரைக்கும்தான். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

இப்போது ஒரு கதை. உண்மைக் கதை. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். இந்த மாவட்டத்துக்காரர் என்பதோடு விட்டுவிடுவோம்.

ஒரு வேதியியல் ஆசிரியை. எம்.எஸ்சி., பி.எட். துபாயில் ஒரு பள்ளி, பிப்ரவரி மாதம், வீடியோவில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னது. குறித்த நாள் பார்த்தால் அவர் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பதிலிருந்து. பேப்பரிலேயே போட்டிருந்தான். என்ன செய்வார், அடுத்த தெருவில் நாத்தனார் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். கூடத்தில் மாமனார் தூக்கம். ஆகவே சமையலறை மேடையிலேயே வகுப்பு.

அமிலம், காரம் பாடம். ஆய்வகம் கிடையாது. கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவினார். அதன் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். செக்கச்செவேல் என்று ஆயிற்று. அந்தப் பக்கம் மூன்று பேர், ஒரு முதல்வர், ஒரு துறைத் தலைவர், ஒரு மனிதவளக்காரர், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு எலுமிச்சம்பழத்தை நறுக்கி அதே இடத்தில் பிழிந்தார். சிவப்பு போய் மறுபடியும் மஞ்சள். ‘ஏன் திரும்பியது? நீங்கள் சொல்லுங்கள்’ என்று அந்த முதல்வரையே கேள்வி கேட்டார். அந்த அம்மாள் மாணவி மாதிரி கை தூக்கிப் பதில் சொன்னாராம். அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்து, ‘அண்ணி, அது புதுத் துண்டு!’ என்று ஒரு சத்தம். துபாய் வரைக்கும் கேட்டது. வேலை அங்கேயே உறுதி.

கைதட்டாதீர்கள், கதை இனிமேல்தான்.

பள்ளி கேட்டது மூன்று. அசல் சான்றிதழ்கள், அனுபவச் சான்றிதழ், இப்போதைய பள்ளியிலிருந்து ரகசிய மதிப்பீட்டுக் கடிதம். அசல் எதற்கு? அமீரகத்துக்குப் போகிற சான்றிதழ் சென்னையில் மாநில அரசின் முத்திரை, பிறகு வெளியுறவுத் துறை, பிறகு அந்நாட்டுத் தூதரகம், கடைசியில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக மேலொப்பம் வாங்க வேண்டும். நகலைக் கொண்டுபோனால் முதல் ஜன்னலிலேயே திருப்பிவிடுவார்கள். அசல் எங்கே? தாளாளர் வீட்டு பீரோவில்! வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். போய்க் கேட்டால் ‘பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்மா’. முடிந்த பிறகு கேட்டால் ‘பீரோ சாவி மச்சானிடம்’. மச்சான் திருப்பதி போயிருக்கிறார். திருப்பதியிலிருந்து ஒரு மனிதர் திரும்ப இத்தனை வாரமா ஆகும்?

அனுபவச் சான்றிதழுக்கு வருவோம். ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறார், நான்குதான் தர முடியும் என்றார்கள். முதல் இரண்டு வருஷமும் பதிவேட்டில் இருந்தது வேறொருவர் பெயராம். சம்பளச் சான்று கேட்டால், கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் கொடுத்தது வேறொரு தொகை. தாளாளர் எதை எழுதித் தருவார்?

மதிப்பீட்டுக் கடிதம் இதையெல்லாம் மிஞ்சியது. துபாய்க்காரர்கள் பள்ளியின் மின்னஞ்சலுக்கு நேரடியாக எழுதினார்கள். ஏன் நேரடியாக? ஒன்பது நாடுகளின் பள்ளிகளில் வேலை பார்த்த ஓர் அமெரிக்க ஆசிரியர் பிள்ளைகளிடம் செய்த கொடுமை 2014இல் வெளியே வந்தது. அவர் பழைய பள்ளிகளில் எவராவது சரியாக விசாரித்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று உலகமே தலையில் அடித்துக்கொண்டது. அந்த வருஷமே குழந்தைப் பாதுகாப்புக்கென்று பன்னாட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். அதிலிருந்து காவல்துறைச் சான்று, இடைவெளி இல்லாத பணி வரலாறு, பழைய முதல்வரிடம் நேரடி விசாரணை எல்லாம் கட்டாயம் போல் ஆகிவிட்டது. நியாயமான ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் பள்ளியின் மின்னஞ்சல் முகவரி யாருடையது? ஃபீஸ் கவுன்ட்டரில் உட்காரும் தம்பியுடையது. அவர் அதை ஜூன் மாதம் மட்டும்தான் திறப்பார். இரண்டு நினைவூட்டலும் அங்கேயே கிடந்தன. மார்ச் கடைசி வரை பொறுத்தார்கள். ஏப்ரலில் பள்ளி திறக்க வேண்டும். வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் அவர் மஸ்கட் போனார். அதற்கு பீரோவைத் திறக்க ஒரு வக்கீல் நோட்டீஸ் தேவைப்பட்டது.

ஆகவே அன்பர்களே, தலைப்பைக் கொடுத்தவர்கள் மன்னிக்க வேண்டும். வெளிநாட்டு வேலை துபாயிலும் ஜெனீவாவிலும் இல்லை, நம் தாளாளர் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது என்பது என் கட்சி. ஊர் ஊராகப் போய் இதைத்தான் பேசுகிறேன், இனியும் பேசுவேன். வெளிநாடே போக விருப்பம் இல்லாத ஆசிரியருக்கும் இதே வழக்குத்தான். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற முடியவில்லையே! சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியார் பள்ளிகளை முறைப்படுத்த 2018இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, சாவி மச்சானிடம் இருக்கிறது.

நாம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சேர்ந்த அன்றே தேதி போட்ட பணி நியமன ஆணை கையில் வேண்டும். சம்பளம் வங்கி வழியாக, உள்ள தொகைக்கே. அசலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். கேட்ட 15 நாளுக்குள் அனுபவச் சான்றிதழ். தாளாளர்களில் நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள், இந்த அரங்கிலும் இருவர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். அவர்கள் இதையெல்லாம் கேட்காமலே செய்கிறார்கள். மற்றவர்களிடம் நாம் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. ‘அடுத்த மாதம் தருகிறோம்’ என்றால் தலையாட்டிவிட்டு வருகிறோம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் பாட்டிமார் சும்மாவா கேட்டார்கள்?

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. சான்றிதழில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் கணவர் பெயர் என்று இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். விசா வந்த பிறகு நோட்டரியைத் தேடி ஓடாதீர்கள்.

நான்காவது செய்தி, குடும்பம். தலைவர் ஐயா துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், சாம்பார் ஆறுகிறதாம். குடும்பத்தைப் பற்றிச் சாப்பாட்டு வரிசையில் நின்று பேசுவோம். மாலத்தீவு பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் என் பக்கத்தில் உட்காருங்கள்.

தனியார் பள்ளிகள் இயக்குநருக்குப் போகிற மனு பின்பக்கம் வாசலை ஒட்டிய மேசையில் இருக்கிறது. பெயர், பாடம், மாவட்டம், கையெழுத்து, நான்கு கட்டம். பள்ளியின் பெயரை எழுதப் பயமாக இருந்தால் எழுத வேண்டாம், அதற்கென்றே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம். பந்திக்குப் போகிற வழி அந்த வாசல்தான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.